ஒன்றாம் தேதிப் பயணம்

நவம்பர் 9, ஞாயிறு. முந்தாநாள் செய்த ஒரு தவறை இன்றுதான் எழுதுகிறேன். நகராட்சி அலுவலகத்தில் அப்பாவின் இறப்புப் படிவத்தை நிரப்பும்போது, பிறந்த நாள் என்ற இடத்தில் மே 4 என்று எழுதினேன். அப்பாவின் குடியிருப்பு அட்டையில் ஆகஸ்ட் 17 என்று இருந்தது. ஜன்னலுக்குப் பின்னால் இருந்தவர் விரலால் தொட்டுக் காட்டினார். இரண்டு கோடு போட்டு அடித்து, பக்கத்தில் என் பெயரை எழுதினேன். ஆனால் நாங்கள் ஒவ்வொரு வருடமும் கேக் வெட்டியது மே 4 அன்றுதான்.

கடைசி வரியை எழுதியபின் அமிஹான் பென்சிலைக் கீழே வைக்கவில்லை. இது மாலை வகுப்பு நோட்டு. வியாழக்கிழமைதோறும் ஆசிரியை வாங்கிப் படித்து, தப்பான ஜப்பானிய எழுத்துகளுக்குச் சிவப்பு மையில் வட்டம் போட்டு, அடியில் எப்போதும் ஒரே குறிப்பை எழுதுவார்: "என்ன செய்தீர்கள் என்பது புரிகிறது. என்ன தோன்றியது என்பதையும் எழுதுங்கள்." இரண்டு வருடமாக அமிஹான் அந்தக் குறிப்புக்குக் கீழே நன்றி என்று மட்டும் எழுதி வருகிறாள்.

"எழுதினது போதும்டி. இங்க வந்து இந்த மாலையைப் பிடி" என்றாள் பெரியம்மா.

பெரியம்மா பூரிங், அம்மாவின் அக்கா. ஜப்பானில், ஹமமாட்சுவில் இருபத்திரண்டு வருடமாக மதிய உணவுப் பெட்டி நிரப்பும் தொழிற்சாலையில் வேலை. அவள் சவப்பெட்டிக்கருகே மண்டியிட்டு, அப்பாவின் விரல்களில் சுற்றியிருந்த ஜெபமாலையைக் கத்தரியால் வெட்டப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெட்டாமல் விட்டால் ஒருவர் பின்னால் ஒருவராக வீட்டில் எல்லோரும் போவார்கள் என்பது அவர்கள் ஊர் நம்பிக்கை. அமிஹான் மணிகள் உருண்டுவிடாமல் இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டாள். அப்பாவின் கை, தோலுக்கு உள்ளிருந்து குளிர்ந்தது. காலையில்தான் ஐஸ் மாற்றியிருந்தார்கள்.

இறுதிச்சடங்கு மண்டபத்தின் இரண்டாம் மாடியில் சின்ன அறை. பத்து மணியிலிருந்து ஐந்து வரைதான் பார்க்கலாம். சாப்பாடு கூடாது, மெழுகுவர்த்தி கூடாது, சீட்டாட்டம் கூடாது. நேற்று அப்பாவின் தொழிற்சாலையிலிருந்து வந்தவர்கள் துக்கவீட்டில் கொறிக்கிற தர்ப்பூசணி விதையைச் சத்தமில்லாமல் கடிக்க முடியாமல் கீழே கார் நிறுத்துமிடத்துக்குப் போய்க் கடித்துவிட்டு வந்தார்கள். இன்று மதியத்துக்குமேல் யாரும் இல்லை. அப்பா, பெரியம்மா, அமிஹான்.

கதவு தட்டப்பட்டது. மண்டபத்து ஊழியர் குசுமி, குனிந்து ஒரு தாளை நீட்டினார். நாளை எரியூட்டும் இடத்தில் யார் யார் எந்த வரிசையில் நிற்பார்கள் என்ற பட்டியல். முதல் வரியில் 'மனைவி' என்று அச்சடித்து, பக்கத்தில் வெற்றிடம்.

"மனைவி வர்றாங்களா?"

"இல்லீங்க. அம்மா எங்க நாட்டுல, தாவாவோல இருக்காங்க. விசா கிடைக்காது."

"அப்ப மகள்னு போட்டுடலாம். நாலு மணிக்குள்ள உறுதியா சொல்லிட்டீங்கன்னா அட்டை அடிச்சிடுவேன். வேற யாராவது வர்றதா இருந்தாலும் சொல்லுங்க."

அவர் போனதும் பெரியம்மா கத்தரியைக் கைப்பைக்குள் போட்டாள்.

"வேற யாராவதாம். பாத்தியா, அவனுக்கே தெரிஞ்சிருக்கு."

"பெரியம்மா, அவர் எல்லார்கிட்டயும் அப்படித்தான் கேப்பார்."

"அந்தக் கார்டை எடு."

அமிஹான் எடுக்கவில்லை. எடுக்கத் தேவையில்லை, காலையிலிருந்து அது மனப்பாடம். அப்பாவுக்குப் போட்டுவிட வெள்ளைச் சட்டை தேடி அலமாரியைத் திறந்தபோது, அவர் பயணத்துக்குப் போடும் சாம்பல் நிறச் சட்டைப் பையில் ஒரு தபாலட்டையும் கையகல நோட்டு ஒன்றும் இருந்தன. தபாலட்டையில் முதியவர்களின் சாய்ந்த கையெழுத்து. எதிர்ப்படும் எழுத்தையெல்லாம் அகராதியில் பார்த்து, சந்தேகம் வந்து, மறுபடி பார்த்து, அமிஹான் அதை ஒரு தாளில் எழுதி வைத்திருந்தாள்:

"இந்த வருடம் சாப்பாடு கொண்டு வர வேண்டாம். ஊரில் பேச்சு வந்துவிட்டது. வருவதாக இருந்தால் முன்னாலேயே சொல்லுங்கள். தொமினாகா ஹிசானோ."

அடியில் ஒரு தொலைபேசி எண். குமமோத்தோ பக்கத்து மலைக்கிராமம் ஒன்றின் முகவரி.

தொமினாகா. அப்பாவின் பெயர் எலிசியோ தொமினாகா. அமிஹானின் குடியிருப்பு அட்டையிலும் அதே பெயர்தான். உலகப் போருக்கு முன்னால் தாவாவோவுக்குச் சணல் பயிரிட வந்த ஒரு ஜப்பானியரின் பேரன் என்ற முறையில்தான் அப்பாவுக்கு இந்த நாட்டில் இருக்க அனுமதி; அப்பாவின் மகள் என்ற முறையில் அமிஹானுக்கு.

"பேரைக்கூடப் போட்டுக்கிட்டா பாரு" என்றாள் பெரியம்மா. "சும்மா பழக்கம்னா பேர் மாறுமா? கல்யாணத்தைப் பதிவு பண்ணியிருக்கான். அப்ப தாவாவோல இருக்கிற என் தங்கச்சி யாரு?"

"நமக்கு இன்னும் தெரியாது."

"எனக்குத் தெரியும். பதினோரு வருஷமா தெரியும். அக்டோபர் கடைசி நாள் சாயங்காலம் ரயில் ஏறுவான், ரெண்டாம் தேதி காலையில இறங்குவான். எங்கடா போறேன்னா, சும்மா ஊர் பாக்கன்னு சொல்வான். ஊர் பாக்கப் போறவனுக்குப் பீக்கோ எதுக்கு?"

பெரியம்மாவின் ஆத்திரமெல்லாம் அந்தப் பீக்கோவில் வந்து நின்றது. ஒட்டரிசியைத் தேங்காய்ப்பாலிலும் கருப்புச் சர்க்கரையிலும் கிண்டி, வாழையிலை இல்லாத ஊரில் தட்டிலேயே பரப்பி, ஒவ்வொரு வருடமும் அவள்தான் செய்து கொடுத்தாள். "என் கையால கிண்டி, என் தங்கச்சியோட சக்களத்திக்கு அனுப்பியிருக்கேன்டி. பதினோரு தட்டு."

அமிஹான் அப்பாவின் சின்ன நோட்டைப் பிரித்தாள். பயணம் போன நாட்களில் மட்டும் தாய்மொழியான பிஸயாவில் எழுதியிருந்தார். ரயில் நேரம், மாறிய நிலையம், சாப்பிட்டது. நடுவில் சில வரிகள். "இந்த நாட்டில் ரயிலில் தூங்குகிறவன் தோளில் சாய்ந்தால் தள்ளிவிட மாட்டார்கள். எழுப்பி நீ யார் என்று கேட்கவும் மாட்டார்கள்." இன்னொரு பக்கத்தில்: "ஒரு நிமிடம் தாமதமானால் ரயில்காரர் மன்னிப்புக் கேட்கிறார். இப்படிப்பட்ட ஊரில் பொய்யை வைத்துக்கொண்டு குடியிருப்பது சிரமம்."

ஆனால் நவம்பர் ஒன்றாம் தேதிகளில் மட்டும், எல்லா வருடமும், ஒரே நான்கு சொற்கள். "போனேன். துடைத்தேன். மன்னிப்பு. திரும்பினேன்."

"பொய்னு அவனே எழுதியிருக்கான். இன்னும் என்ன வேணும் உனக்கு?" பெரியம்மா எட்டிப் பார்த்தாள். "துடைச்சானாமே. வீட்டுல ஒரு டம்ளர் கழுவினதில்ல, அங்க போய்த் தரை துடைச்சிருக்கான்."

அமிஹானுக்குப் பெரியம்மா சொல்வது முழுக்கச் சரியென்றும் படவில்லை, தவறென்றும் சொல்ல முடியவில்லை. ஏதோ ஒரு கணக்கு இடித்தது. மே 4 என்று கேக் வெட்டிய அப்பா. ஏன் அட்டையில் வேறு நாள் என்று சிறுமியாக இருந்தபோது கேட்டதற்கு, "ஆபீஸ்காரன் தூங்கிட்டான்" என்று சிரித்த அப்பா. அந்தச் சிரிப்பில் அப்போது ஒன்றும் தெரியவில்லை.

"நாலு மணிக்கு அம்மா வீடியோவுல வரும்" என்றாள். "கடைசியா முகம் பாக்க. அதுக்கு முன்னால அந்த நம்பருக்கு நான் பேசறேன். இன்னொரு மனைவி இருந்தா, நாளைக்கு முதல்ல நிக்க வேண்டியது அவங்க. அம்மாகிட்ட அதை நான்தான் சொல்லணும். இல்லேன்னா நீங்க அம்மாகிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாது."

"ஸ்பீக்கர்ல போடு."

"போடறேன்."

அவள் உடனே பேசவில்லை. நோட்டில் ஒரு புதுப் பக்கம் எடுத்து, வகுப்பில் சொல்லிக்கொடுத்த முறைப்படி எழுதினாள். ஒன்று, வணக்கம். இரண்டு, ஓய்வு நாளில் தொந்தரவுக்கு மன்னிப்பு. மூன்று, நான் யார். நான்கு, அப்பா இறந்த செய்தி. ஐந்து, நீங்கள் அவருக்கு என்ன முறை. ஐந்தாவதை மூன்று விதமாக எழுதி, மூன்றையும் அடித்தாள். எதுவும் மரியாதையாக இல்லை.

மணி இரண்டே முக்கால். ஏழாவது தடவை ஒலித்தபோதுதான் போனை எடுத்தார்கள். பின்னால் தொலைக்காட்சியில் யாரோ சமையல் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

அமிஹான் ஒன்றையும் இரண்டையும் படித்தாள். மூன்றாவதில், "என் பேரு தொமினாகா அமிஹான்" என்றதும் தொலைக்காட்சி நின்றது.

"தொமினாகாவா?" கிழவியின் குரல். "ஒன்னாம் தேதிக்காரரோட பொண்ணா?"

பெரியம்மா அமிஹானின் தொடையைக் கிள்ளினாள்.

"ஆமாங்க. அப்பா வியாழக்கிழமை தவறிட்டார். இதயம். இருபத்தெட்டாம் தேதியில இருந்து ஆஸ்பத்திரியில இருந்தார்."

இணைப்பு போய்விட்டதா என்று அமிஹான் திரையைப் பார்த்தாள்.

"ஆஸ்பத்திரியிலயா" என்றது குரல். "ஒன்னாம் தேதி அவருக்காக வாளியை வெளிய வச்சிருந்தேன். பொழுது சாயற வரைக்கும் வச்சிருந்தேன். கார்டு போட்டது கோவமாயிடுச்சோன்னு நினைச்சேன். போன வருஷம் காட்டுப்பன்னி வந்துடுச்சும்மா. அவர் கல்லு மேல வச்ச சோத்துக்கு வந்து, பக்கத்துக் கல்லறை ரெண்டைத் தோண்டிப் போட்டுடுச்சு. ஊருல பேசினாங்க. அதான் எழுதினேன். கொஞ்சம் வெடுக்குன்னு எழுதிட்டேன்."

அமிஹான் எழுதி வைத்த பக்கத்தை மூடினாள்.

"எந்தக் கல்லுங்க?" என்றாள் அமிஹான்.

"எங்க பெரியப்பாவோடது. தாவாவோ போனவர். உள்ள எலும்புகூட இல்ல, ஆத்துல எடுத்த ஒரு கூழாங்கல்லுதான். திரும்பி வரவே இல்லையே. அங்க ஒரு பையன் இருந்தான், அவனும் சின்ன வயசுலயே போயிட்டான்னு அப்புறமா கேள்வி. அதோட அந்தப் பக்கம் முடிஞ்சுது."

அமிஹான் பென்சிலைப் பிடித்திருந்தாள். பையன் சின்ன வயதிலேயே போய்விட்டான். அப்படியென்றால் பேரன் என்று ஒருவர் இல்லை.

"உங்கப்பா மொத வருஷம் வந்தப்ப வாசல்ல நின்னு ஒரு பேப்பரைப் பாத்துப் படிச்சார்" என்றாள் கிழவி. "நான் உங்க சொந்தம் இல்ல, உங்க பெரியப்பா பேரை வச்சுக்கிட்டுத்தான் இந்த நாட்டுக்கு வந்தேன், மன்னிப்புக் கேக்க வந்தேன்னு. நான் பயந்து கதவைச் சாத்திட்டேன். நிலம் கேக்க வந்திருக்கான்னு நினைச்சேன். ஜன்னல்ல இருந்து பாத்துட்டே இருந்தேன். நேரா மலைக்குப் போய்க் கல்லைத் துடைச்சிட்டு, மெழுகுவர்த்தி ஏத்திட்டு, பக்கத்துல உக்காந்து சோறு திங்கறார். கல்லறையில உக்காந்து யாராவது திம்பாங்களா? அதுவும் நவம்பர்ல. எங்க பக்கம் இதுக்கெல்லாம் நாள் ஆகஸ்ட்தானேன்னு அடுத்த வருஷம் சொன்னேன். எங்க ஊருல செத்தவங்களைப் பாக்கற நாள் இதுதான்னார். மூணாவது வருஷம் கல்லைக் கழுவ வாளியை நானே வெளிய வச்சேன்."

அமிஹான் பெரியம்மாவைப் பார்க்காமல் இருக்க முயன்றாள். பிறகு மெதுவாக, சொற்களை ஒவ்வொன்றாகத் தேடி எடுத்து, "நீங்க இதை யார்கிட்டயாவது..." என்று தொடங்கி நிறுத்தினாள். அந்தக் கேள்விக்கும் மரியாதையான வடிவம் தெரியவில்லை. கிழவி சொல்லியிருந்தால்? இனிமேல் சொன்னால்? இந்தப் பெயர் இல்லையென்றால் அவளுக்கு இந்த ஊரில் அறை இல்லை, வேலை இல்லை, வகுப்பு இல்லை.

"சொல்லலைம்மா" என்றாள் கிழவி, கேள்வி முடியும்வரை காத்திராமல். "யார்கிட்ட சொல்றது? இந்த வீட்டுல அந்தப் பேருக்கு நான் ஒருத்திதான் மிச்சம். அது சரி, அந்தப் பழுப்புச் சோறு யாரு கிண்டறது?"

பெரியம்மா போனைப் பிடுங்கினாள்.

"நாந்தான். ஏன்?" இருபத்திரண்டு வருட ஜப்பானியத்தில் அவளுக்குத் தொழிற்சாலைத் தொனி மட்டுமே தெரியும்.

"பாதியைக் கல்லுல வைப்பார், பாதியை எனக்குக் குடுப்பார். பல் செட்டுல ஒட்டிக்கும். போன வருஷம் செட்டே கையோட வந்துடுச்சு. தேங்காயைக் கொஞ்சம் குறைச்சுக்கலாம்."

"தேங்காயைக் குறைச்சா அது பீக்கோவே இல்ல."

"அப்படியா" என்றாள் கிழவி. "அப்ப குறைக்காதீங்க."

பெரியம்மா போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். கிழவி இன்னும் பேசிக்கொண்டிருந்தாள். நாளை எத்தனை மணிக்கு என்று கேட்டாள். பத்து என்றதும், பத்து மணிக்குத் தானும் மலைக்குப் போய் நிற்பதாகச் சொன்னாள். வைப்பதற்கு முன், "அடுத்த வருஷம் நீங்க யாராவது வருவீங்களா என்னன்னு எனக்குத் தெரியாது. வந்தா மெழுகுவர்த்திக்கு அடியில ஒரு தட்டு வைங்க. கல்லுல உறைஞ்சு போகுது. சுரண்டறதுக்கு இப்பல்லாம் என் கையில தெம்பு இல்ல" என்றாள்.

பெரியம்மா பெட்டியருகே போய் உட்கார்ந்து, அப்பாவின் சட்டைக் காலரைச் சரிசெய்தாள். அது ஏற்கெனவே சரியாகத்தான் இருந்தது.

"ஆஸ்பத்திரியில முப்பதாம் தேதி என்னைக் கேட்டான்" என்றாள். "பீக்கோ கிண்டிட்டியா பூரிங்னு. உன் ஒன்னாம் தேதிக்காரியைக் கிண்டச் சொல்லுடான்னேன்."

"அப்பா என்ன சொன்னார்?"

"சிரிச்சான். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டான்."

பெரியம்மா மறுபடி காலரை நீவினாள். சற்று கழித்து, எதற்கோ கோபப்படுகிறவள்போல், "நாளைக்கு எரிச்சிட்டு நேரா வீட்டுக்கு வந்துடாத. எங்கயாவது கடை கண்ணின்னு ஏறி இறங்கிட்டு வரணும். இல்லேன்னா சாவு நம்ம பின்னாலயே வீட்டுக்குள்ள வந்துடும். இந்த ஊர்க்காரங்க உப்பைத் தூவிட்டுப் போயிடுவாங்க. உப்புக்கெல்லாம் அது கேக்காது" என்றாள்.

நான்கு மணிக்குச் சரியாக அம்மா வந்தாள். திரையில் முதலில் மின்விசிறி தெரிந்தது, பிறகு பாதி நெற்றி. எங்கேயோ சேவல் கூவியது.

"முகத்தைக் காட்டு" என்றாள் அம்மா.

அமிஹான் போனைப் பெட்டிக்கு மேலே பிடித்தாள். படம் ஆடாமலிருக்க மற்றொரு கையால் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். அம்மா அழவில்லை. கடையில் துணி பார்ப்பவள்போல் நிதானமாகப் பார்த்தாள்.

"கிட்ட பூரிங் இருக்காளா?"

"இருக்கேன்" என்றாள் பெரியம்மா.

"நீ பதினோரு வருஷமா என் காதுல ஓதிக்கிட்டிருந்தியே, அந்த ரயில் எங்க போச்சுன்னு இப்பவாவது தெரிஞ்சுதா?"

பெரியம்மா அமிஹானைப் பார்த்தாள். சொல் என்றும் இல்லை, சொல்லாதே என்றும் இல்லை. அமிஹான் போனைத் தன் பக்கம் திருப்பினாள்.

"தெரிஞ்சுதும்மா. தொமினாகாவைப் பாக்கப் போயிருக்கார்."

"எந்தத் தொமினாகாவை?"

"கல்லறையை. வருஷா வருஷம் போய்த் துடைச்சு, மெழுகுவர்த்தி ஏத்தியிருக்கார்."

திரையில் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அம்மாவின் நெற்றி அசையவே இல்லை. படம் உறைந்துவிட்டதென்று அமிஹான் நினைத்தாள். சேவல் மறுபடி கூவியபோதுதான் இல்லையென்று தெரிந்தது.

"மே நாலுதானேம்மா?" என்றாள் அமிஹான்.

"மே நாலுதான்." அம்மா சொன்னாள்: "அவருக்கு இஷ்டமில்ல. அந்தப் பேரை வாங்கிக்கன்னு சொன்னது நான்தான். உனக்கு அப்ப பத்து வயசு."

பெரியம்மா பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"தலை வாரினது யாரு?" என்றாள் அம்மா.

"இங்க மண்டபத்துல வாரிவிட்டாங்க."

"இடப்பக்கம் வகிடு எடுத்திருக்காங்க. அவருக்கு வலப்பக்கம்."

பெரியம்மா கைப்பையைக் கொட்டிச் சீப்பைத் தேடினாள். அமிஹான் அப்பாவின் நெற்றியை ஒரு கையால் தாங்கிக்கொண்டு முடியை மாற்றி வாரினாள். முதல் தடவை கோணலாக வந்தது. கலைத்துவிட்டு மறுபடி வாரினாள். அம்மா "இன்னும் கொஞ்சம் மேல" என்றாள், பிறகு "சரி" என்றாள், பிறகு திரை கறுத்தது.

கதவருகே குசுமி நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக நிற்கிறார் என்று தெரியவில்லை. பிஸயா அவருக்குப் புரியாது. இருந்தும் அமிஹான் அவர் முகத்தை உற்றுப் பார்த்தாள். அவர் கடிகாரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"முதல் வரியில மகள்னு போட்டுடலாமா?"

"போடுங்க."

"பேர்ப்பலகையில தொமினாகா எலிசியோ. சரிதானே?"

"சரிதான்" என்றாள் அமிஹான்.

வீட்டுக்கு வந்ததும் பெரியம்மா சமையல்கட்டில் ஒட்டரிசியைக் களைய ஆரம்பித்தாள். மூன்று தண்ணீர் மாற்றிக் களைந்து ஊறப்போட்டாள். யாருக்கு என்று அமிஹான் கேட்கவில்லை. தேங்காய்ப்பால் டப்பாக்கள் இரண்டு மேசையில் வந்து நின்றன.

அமிஹான் நோட்டைத் திறந்தாள். வியாழக்கிழமை இதை ஆசிரியை படிப்பார். கேக் வெட்டிய வரியை அழிப்பானால் அழித்தாள். தாள் கிழியாமல், எழுத்தின் தடம்கூடத் தெரியாதபடி மெதுவாகத் தேய்த்து, தூளை ஊதாமல் உள்ளங்கையில் சேர்த்தாள். தொலைபேசிக்காக எழுதிய பக்கத்தை மடித்துக் கிழித்து அப்பாவின் சின்ன நோட்டுக்குள் வைத்தாள். பிறகு அழித்த இடத்தில் எழுதினாள்.

நாளை செய்ய வேண்டியவை. காலை ஒன்பதரைக்கு மண்டபம். கறுப்புக் காலுறை. திரும்பும் வழியில் நேராக வீட்டுக்கு வராமல் நூறு யென் கடைக்குப் போக வேண்டும். ஒரு தட்டு வாங்க வேண்டும். வெள்ளை, கையகலம், கொஞ்சம் குழிவானது.